மாண்டினீக்ரோ சம்பளச் சீட்டுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு: முழுமையான வழிகாட்டி

மாண்டினீக்ரோ சம்பளச் சீட்டு பெரும்பாலும் ஒரே பக்கம்தான். அதிலும் பாதி எண்கள். ‘இதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது, போனில் காட்டினால் அதுவே சொல்லிவிடுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் விசா அதிகாரியோ வங்கியோ அந்தத் தாளை வைத்து முடிவெடுக்கப்போகிறார்கள் என்றால், ஒவ்வொரு எண்ணும் எதற்கு நேராக நிற்கிறது என்பதற்கு ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்புக்குத்தான் சான்றளித்த மொழிபெயர்ப்பு என்று பெயர்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளச் சீட்டு தனியாகப் போய் எந்த மேசையிலும் உட்காருவதில்லை. வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்குப் பட்டியல், நிறுவனத்தின் கடிதம் எல்லாம் கூடவே போகும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. சொல்லப்போனால், நல்ல மொழிபெயர்ப்பு அந்த முரண்பாட்டைத்தான் பளிச்சென்று காட்டும். அதனால் வேலையில் முக்கால்வாசி மொழிபெயர்ப்பாளரிடம் போவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

யாருக்கு இது தேவைப்படும்? புத்வா, திவாட் போன்ற கடற்கரை ஊர்களில் தற்காலிக வசிப்பு மற்றும் வேலை அனுமதியில் ஹோட்டலிலோ படகுத்துறையிலோ வேலை பார்த்துவிட்டு வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு. மாண்டினீக்ரோவில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ் குடிமகன் மனைவியோடு பிரிட்டனுக்குத் திரும்பும்போது. மாண்டினீக்ரோக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு கனடாவிலோ ஜெர்மனியிலோ குடியேறுகிறவர்களுக்கு. அங்கே கட்டிய வரிக்கு இந்தியாவில் கழிவு கேட்கிறவர்களுக்கும்.

படி 1: தாளைக் கேட்கிற அலுவலகம் என்ன சொல்கிறது?

‘சான்றளித்த’ என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு அர்த்தம். இதைப் பார்க்காமல் முதலில் மொழிபெயர்த்துவிட்டு அப்புறம் விதியைத் தேடுவதுதான் அதிகம் நடக்கிற பணவிரயம்.

பிரிட்டனில் அரசு உறுதிமொழி வாங்கி நியமித்த மொழிபெயர்ப்பாளர் என்ற ஏற்பாடே கிடையாது. உள்துறை அலுவலகம் எதிர்பார்ப்பது சில விவரங்களை: இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயரும் கையெழுத்தும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். பிரிட்டனுக்குள் இருந்தே விண்ணப்பித்தால் அவருடைய தகுதி விவரமும் சேர வேண்டும். முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இவற்றில் ஒன்று குறைந்தால் அது குறைதான்.

ஜெர்மனி நேர் எதிர். அங்கே மாநில நீதித்துறையிடம் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான இணையப் பட்டியலில் மொழி, ஊர் கொடுத்துத் தேடலாம். அவர்களுடைய முத்திரைக்கு அலுவலகங்களில் தனி மதிப்பு. மாண்டினீக்ரோவிலேயே ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து வாங்கிய தாளை ஏற்பார்களா என்பது அந்தந்த அலுவலகத்தைப் பொறுத்தது. தூதரகத்தில் கொடுப்பதற்கும், அப்புறம் ஜெர்மன் நகராட்சியில் கொடுப்பதற்கும் ஒரே பதில் வரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும், சுருக்கம் செல்லாது. இது முழுமையானது, சரியானது, இந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க எனக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்ப்பாளரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கனடா குடியேற்றத் துறை குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பை ஏற்காது. அங்கே சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், செய்தவர் சத்தியப் பிரமாணம் இணைக்க வேண்டும். மனைவி மாண்டினீக்ரோக்காரி, ஆங்கிலப் பட்டதாரி, அழகாக மொழிபெயர்ப்பாள் என்றாலும் கனடாவுக்கு அது உதவாது.

இந்தியாவுக்கு என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். இந்தியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. அதை வைத்துக் கழிவு கேட்கும்போது ஆடிட்டர் பார்ப்பது சம்பளத்தை அல்ல, வருமான வரியாகப் பிடித்த தொகையை. அது சீட்டில் எது என்பதைப் படி 3-இல் சொல்கிறேன்.

படி 2: தாள்களைத் திரட்டுங்கள்

அங்கே சம்பளச் சீட்டை ‘ப்ளாட்னா லிஸ்டா’ என்றோ ‘ஒப்ராச்சுன் ஸாராடே’ என்றோ சொல்வார்கள். பல நிறுவனங்கள் இப்போது இதை மின்னஞ்சலில் பிடிஎஃப் ஆக அனுப்புகின்றன. கையெழுத்தோ முத்திரையோ இருக்காது. கேட்கிற அலுவலகம் அதற்கு ஒத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் கணக்குப் பிரிவில் கேட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்ட பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது ‘இந்தச் சீட்டுகள் நாங்கள் கொடுத்தவையே’ என்று நிறுவனத்தின் தாளில் ஒரு கடிதம். வேலையை விட்டு வந்த பிறகு இதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. கடைசி வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கூடவே வேலை ஒப்பந்தம், சம்பளத்தையும் பதவியையும் உறுதி செய்யும் கடிதம் (‘போட்வ்ர்டா’ என்பார்கள்), அதே மாதங்களின் வங்கிப் பட்டியல். நிறுவனம் ஒழுங்காகப் பணம் கட்டியதா என்று சந்தேகம் இருந்தால், அங்குள்ள ஓய்வூதிய நிதியிடம் உங்கள் பணிக்காலப் பதிவைக் கேட்கலாம். நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் வரித்துறைக்கு ஐஓபிபிடி என்ற அறிக்கை அனுப்புகின்றன. சீட்டில் இருக்கும் பிடித்தங்கள் அதில்தான் பதிவாகும்.

எத்தனை மாதச் சீட்டு வேண்டும் என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பிரிட்டன் குடும்ப விசாவில் ஒரே நிறுவனத்தில் 6 மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதச் சீட்டுகளும், அதே காலத்தில் அந்தச் சம்பளம் கணக்கில் ஏறியதைக் காட்டும் வங்கிப் பட்டியலும் கேட்பார்கள். இரண்டு வருடச் சீட்டை மொழிபெயர்த்துக் கட்டுக்கட்டாகக் கொடுப்பதால் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடைக்காது.

படி 3: சீட்டை நீங்களே ஒருமுறை படியுங்கள்

மொழி தெரியாவிட்டாலும் இதைச் செய்ய முடியும். செய்தால் மொழிபெயர்ப்பு வரைவில் இருக்கும் தப்பை உங்களாலேயே பிடிக்க முடியும்.

மேலே நிறுவனத்தின் பெயர், அதன் 8 இலக்க வரி எண். அதை பிஐபி என்பார்கள். அடுத்து உங்கள் பெயர், 13 இலக்கத் தனி எண். இந்த 13 இலக்க எண் யூகோஸ்லாவியா காலத்திலிருந்து வருகிறது. முதல் ஏழு இலக்கங்கள் பிறந்த தேதி: நாள் இரண்டு, மாதம் இரண்டு, ஆண்டின் கடைசி மூன்று. 1988 ஆகஸ்ட் 15-இல் பிறந்தவருக்கு 1508988 என்று தொடங்கும். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் எண். அதனால் தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இதைவிட எளிய இடம் கிடையாது. அதே காரணத்தால், இந்த எண் தெரியும் தாளை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘யாராவது மொழிபெயர்த்துத் தாங்க’ என்று கேட்காதீர்கள். பிறந்த நாள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணில் இருக்கிறது.

இனிக் கணக்கு. எண் அச்சிடும் முறையே வேறு: 1.200,00 என்றால் ஆயிரத்து இருநூறு யூரோ. புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, காற்புள்ளி சென்ட்டைப் பிரிக்கிறது. மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமலேயே 2002 முதல் யூரோவைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே நாணயம் யூரோ என்பதைப் பார்த்து, ஒன்றிய நாடு போல என்று யாரும் விதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2023-ஆம் ஆண்டின் ஒரு மாதத்தில் மொத்தச் சம்பளம் 1.200,00 என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் ‘புருட்டோ’ என்று இருக்கும். அதிலிருந்து ஓய்வூதியத்துக்கு 15 சதவீதம், அதாவது 180. வேலையின்மைக் காப்பீட்டுக்கு 0.5 சதவீதம், 6 யூரோ. வருமான வரியில் முதல் 700 யூரோவுக்கு வரி இல்லை. 700-இலிருந்து 1000 வரை 9 சதவீதம், அது 27. ஆயிரத்துக்கு மேலுள்ள 200-க்கு 15 சதவீதம், அது 30. ஆக வரி 57. எல்லாம் போக ‘நெட்டோ’ 957. வேறு பிடித்தம் இல்லையென்றால் இந்த 957 வங்கிப் பட்டியலில் அப்படியே தெரிய வேண்டும். ‘போரெஸ்’ என்று தொடங்கும் வரிதான் வருமான வரி. இந்திய ஆடிட்டருக்கு வேண்டிய எண் இந்த 57.

அதே ஆள், அதே 1.200,00. ஆனால் சீட்டு 2024 நவம்பருடையது என்றால் கைக்கு வருவது 1.017,00. காரணம், 2024 அக்டோபரில் தொழிலாளியின் ஓய்வூதியப் பங்கை 15-இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். இன்னும் பின்னே, 2021-க்குப் போனால் சீட்டில் மருத்துவக் காப்பீட்டுக்கு 8.5 சதவீதம் என்று ஒரு பிடித்தம் கூடுதலாக இருக்கும். 2022 ஜனவரி முதல் அதை எடுத்துவிட்டார்கள். வரியில்லாத 700 யூரோ வரம்பும் அப்போதுதான் வந்தது. ‘இப்போது ஐரோப்பா’ என்ற பெயரில் அரசு கொண்டுவந்த திட்டத்தின் இரண்டு கட்டங்கள் இவை. மூன்று ஆண்டுச் சீட்டுகளை வரிசையாக வைத்தால், மொத்தச் சம்பளம் மாறாமலே கைச்சம்பளம் தாவுவதைப் பார்த்து அதிகாரி புருவம் தூக்கலாம். இதை விளக்க வேண்டியது உங்கள் உறைக்கடிதம். மொழிபெயர்ப்பாளர் தாளுக்குள்ளே விளக்கம் எழுதக் கூடாது.

கைச்சம்பளத்துக்குக் கீழேயும் சில எண்கள் இருக்கலாம். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நிறுவனம் தன் கையிலிருந்து கட்டுவது அந்தப் பகுதி: நிறுவனத்தின் பங்களிப்புகள், தொழிலாளர் நிதி, அப்புறம் ‘ப்ரிரெஸ்’. ப்ரிரெஸ் என்பது வருமான வரியின்மேல் நகராட்சிக்குப் போகும் கூடுதல் வரி. தலைநகர் போட்கோரிட்சாவிலும் செட்டினியேயிலும் 15 சதவீதம், பெரும்பாலான மற்ற ஊர்களில் 13. நம் எடுத்துக்காட்டில் 57-க்கு 15 சதவீதம் என்றால் 8,55 யூரோ. இதை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் சேர்த்து ‘புருட்டோ 2’ என்று ஒரு பெரிய தொகை அச்சாகியிருந்தால் அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் அதைப் போட்டுவிட்டால், ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையோடு இடிக்கும். உங்கள் மொத்தச் சம்பளம் ‘புருட்டோ 1’.

மற்ற சொற்கள்: ‘மினுலி ராட்’ பணி மூப்புக்கான கூடுதல்; ‘ப்ரெகோவ்ரெமெனி’ ஓவர்டைம்; ‘போலோவாஞ்யே’ நோய் விடுப்பு. ‘டோப்லி ஒப்ரோக்’ சாப்பாட்டுப் படி, ‘ரெக்ரெஸ்’ விடுமுறைப் படி; இவை இரண்டும் அங்கே பெரும்பாலும் சம்பளத்தின் ஒரு சிறப்புப் பகுதியாகவே சேர்ந்து வரும். ‘ஒபுஸ்டாவே’ என்றால் பிடித்தம், அதாவது வங்கிக் கடன் தவணை, சங்கச் சந்தா மாதிரி. இப்படி 150 யூரோ பிடித்திருந்தால், நெட்டோ 957 ஆக இருந்தாலும் வங்கியில் 807 தான் ஏறியிருக்கும். அது தப்பில்லை, ஆனால் மொழிபெயர்ப்பில் அந்த வரி விட்டுப்போனால் தப்பாகிவிடும்.

படி 4: ஒத்துப்பாருங்கள்

ஒப்பந்தத்தில் இருப்பது மொத்தச் சம்பளமா கைச்சம்பளமா? பதவிப் பெயர் சீட்டிலும் கடிதத்திலும் ஒன்றா? சம்பளம் மாதம் முடிந்த பிறகு ஏறியிருக்கிறதா? மார்ச் சம்பளம் ஏப்ரலில் ஏறுவது சாதாரணம். சீட்டில் எந்த மாதத்துக்கு என்பதும் எந்தத் தேதியில் கொடுத்தது என்பதும் தனித்தனியாக இருக்கும்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி உண்டு: பெயர். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் ஏராளம். மாண்டினீக்ரோ படிவங்களில் ‘ப்ரேசிமே’ என்ற குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட மென்பொருள் விடாது. அதனால் கணக்குப் பிரிவில் யாரோ அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், அல்லது உங்கள் பெயரையே இரண்டாக வெட்டியிருப்பார்கள், அல்லது இரண்டு முறை எழுதியிருப்பார்கள். சில தாள்களில் குடும்பப் பெயர் முதலிலும் அப்பா பெயர் அடைப்புக்குறிக்குள் நடுவிலும் வரும். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு அது வேறு யாரோ போலத் தெரியும்.

இதை மொழிபெயர்ப்பாளர் சரி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும். நிறுவனத்திடம், இந்த இந்தப் பாஸ்போர்ட் எண்ணுக்குரியவரும் சீட்டில் உள்ளவரும் ஒருவரே என்று ஒரு வரிக் கடிதம் வாங்குங்கள்; அதையும் சேர்த்து மொழிபெயர்த்துக் கொடுங்கள். இன்னமும் வேலையில் இருந்தால் பதிவையே திருத்தச் சொல்லலாம். ஆனால் பழைய சீட்டுகள் பழைய பெயரிலேயே இருக்கும், ஆகையால் கடிதம் எப்படியும் வேண்டும்.

படி 5: மற்ற ஆவணங்கள், அப்போஸ்டில்

பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுச் சான்றுகளுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, பல மொழிகளில் அச்சிட்ட சர்வதேசப் படிவத்தில் இந்தச் சான்றுகளைத் தருவார்கள். மாண்டினீக்ரோ அதில் உறுப்பு நாடு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி போன்ற உறுப்பு நாடுகளில் அதற்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம், அப்போஸ்டிலும் (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்காக வழங்கும் சான்று) வேண்டாம். பதிவு அலுவலகத்தில் ‘இன்டர்நேஷனல் இஸ்வோட்’ என்று கேளுங்கள். சாதாரணப் படிவத்தை வாங்கி, பணம் கொடுத்து மொழிபெயர்த்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த உடன்படிக்கையில் இல்லை.

குற்றப் பதிவு இல்லை என்ற சான்று, குடியுரிமைச் சான்று, கல்விப் பட்டம் எல்லாம் அரசுத் தாள் அல்லது அரசு ஒப்பிய தாள். அப்போஸ்டில் கேட்டால் நேரடியாக வாங்கலாம். அங்கே அடிப்படை நீதிமன்றங்கள் அதைப் போட்டுத் தருகின்றன. சம்பளச் சீட்டு அப்படியல்ல. அது தனியார் தாள். அப்போஸ்டில் அதன்மேல் நேராக உட்காராது. நோட்டரியிடம் பிரதியைச் சான்றளிக்க வைத்து, அந்த நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் வாங்க முடியும். சம்பளச் சீட்டுக்கு அப்போஸ்டில் கட்டாயம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், எந்த அலுவலகம், எந்த விதியில் கேட்டிருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

வரிசை முக்கியம்: முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. அப்போதுதான் அப்போஸ்டில் தாளும் மொழிபெயர்ப்புக்குள் வரும்.

பழைய ஆவணங்களில் நாட்டின் பெயரே வேறாக இருக்கும். மாண்டினீக்ரோ மீண்டும் தனி நாடானது 2006-இல்தான். 1946 முதல் 1992 வரை போட்கோரிட்சாவின் பெயர் டிட்டோகிராட். பெரானே என்ற ஊர் ஏறக்குறைய அதே காலத்தில் இவான்கிராட். பிறந்த ஊர் டிட்டோகிராட் என்று இருந்தால் மொழிபெயர்ப்பிலும் டிட்டோகிராட் என்றே இருக்க வேண்டும். வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக இன்றைய பெயரைச் சொல்லலாம். உல்சின் போல அல்பேனியர் அதிகம் வாழும் ஊர்களின் படிவங்களில் இரண்டு மொழி இருக்கும். அதையும் ஒரு குறிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

படி 6: யாரிடம் கொடுப்பது?

மாண்டினீக்ரோவில் இருக்கும்போதே முடிப்பதானால், நீதி அமைச்சகம் நியமித்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடம் போகலாம். ‘சுட்ஸ்கி டுமாச்’ என்று கேட்டால் எந்த ஊரிலும் வழி சொல்வார்கள். மொழிபெயர்ப்பை மூலத்தோடோ பிரதியோடோ சேர்த்துத் தைத்து, தன் பெயரும் மொழியும் உள்ள வட்ட முத்திரை போடுவார். பிரிட்டனுக்குப் போகிற தாள் என்றால் அவருடைய தொடர்பு விவரத்தையும் தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். முத்திரை இருந்தால் போதும் என்று அவர் நினைப்பது அவர் நாட்டுப் பழக்கம்.

வெளியே இருந்து செய்வதானால் மொழியின் பெயரில் ஒரு சிக்கல் வரும். 2007 அரசியல் சாசனப்படி மாண்டினீக்ரோ மொழிதான் அலுவல் மொழி. செர்பியம், போஸ்னியம், குரோவேஷியம், அல்பேனியம் ஆகியவையும் அலுவல் பயன்பாட்டில் உண்டு. ஆனால் சர்வதேச மொழிக் குறியீட்டுப் பட்டியலில் மாண்டினீக்ரோ மொழிக்குத் தனி இடம் கிடைத்தது 2017 டிசம்பரில்தான். பல ஊர்களில் மொழிபெயர்ப்பாளர்கள் செர்பியத்துக்கோ குரோவேஷியத்துக்கோதான் உறுதிமொழி எடுத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சீட்டு நன்றாகவே புரியும். மூல மொழி என்ற இடத்தில் என்ன எழுதினால் ஏற்பார்கள் என்று மட்டும் பெறுகிற அலுவலகத்திடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

விலையைப் பக்கத்துக்கா, வரிக்கா, சொல்லுக்கா என்று கேட்டுத் தெளிவாக்குங்கள். ஆறு மாதச் சீட்டில் தலைப்பெல்லாம் ஒன்றே, மாறுவது எண்கள்தான். மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு மற்றவற்றுக்குக் குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

படி 7: வரைவைச் சரிபார்ப்பது

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரைவை அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் மூலத்தை இடப்பக்கமும் வரைவை வலப்பக்கமும் வைத்து, மேலிருந்து கீழே எண்களை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்ப்பது இன்னும் நல்லது. காற்புள்ளியும் புள்ளியும் மாறும் இடம் இதுதான்: 957,00 என்பது 95.700 ஆகிவிட்டால் அதற்குப் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05.03.2023 அங்கே மார்ச் 5, நமக்கும் மார்ச் 5, அமெரிக்கருக்கு மே 3. ஜூன், ஜூலை இரண்டும் அங்கே ‘யுன்’, ‘யுல்’; ஒரே எழுத்து வித்தியாசம்தான். மங்கலான ஸ்கேனில் மாறிப்போகும்.

பெயர் எழுத்துக்கூட்டல். பழைய சான்றுகளும் பட்டங்களும் சிரிலிக் எழுத்தில் இருக்கலாம். அங்கே லத்தீன், சிரிலிக் இரண்டுக்கும் சம உரிமை. டபிள்யூ, ஒய், எக்ஸ், க்யூ நான்கும் அவர்கள் எழுத்துவரிசையில் கிடையாது. அதனால் நம் பெயர் சிரிலிக்கில் காதால் கேட்டபடி எழுதப்பட்டிருந்தால், திருப்பி லத்தீனுக்குக் கொண்டுவரும்போது வேறு உருவம் எடுக்கும். எழுத்து மாற்றத்தில் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றச் சொல்லி, பாஸ்போர்ட் பக்கத்தை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். ஜெர்மன் அலுவலகங்கள் சில ஆவணங்களுக்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறைப்படியான எழுத்துமாற்றம் கேட்பதுண்டு. அப்போது பாஸ்போர்ட் வடிவத்தைக் குறிப்பில் சேர்க்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் சி, எஸ், ஸெட் மேலே வரும் கொக்கியும் சாய்கோடும் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முத்திரை, கையெழுத்து, ஓரத்தில் கையால் எழுதியது, வெறுமையான கட்டம் எல்லாம் சதுர அடைப்புக்குள் குறிப்பாக வர வேண்டும். தாளின் கீழே ‘எம்.பி.’ என்று இருந்தால் முத்திரை வைக்கும் இடம் என்று பொருள். முத்திரை இல்லையென்றால் ‘முத்திரை இடம், வெறுமை’ என்றே எழுத வேண்டும். ‘முத்திரை’ என்று மட்டும் எழுதிவிட்டால் இல்லாத முத்திரை இருப்பதாக ஆகிவிடும். யூரோவை வேறு நாணயத்துக்கு மாற்றியிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். மாற்று விகிதத்தை எந்த நாளுக்கு, எங்கிருந்து எடுப்பது என்பதைப் பெறுகிற அலுவலகம் தானே வைத்திருக்கும்.

மூலத்தில் தப்பு இருந்தால்? கூட்டல் பிசகியிருக்கிறது, நிறுவனத்தின் முகவரி பழையது, உங்கள் பெயரில் ஓர் எழுத்து இல்லை. வரைவில் அதை நைசாகத் திருத்தச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். நல்ல மொழிபெயர்ப்பாளர் மறுப்பார், மறுப்பவரையே வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்திடம் திருத்திய சீட்டு வாங்கி, அதை மொழிபெயர்ப்பதே வழி.

படி 8: கொடுப்பதும், திரும்பி வந்தால் செய்வதும்

ஒவ்வொரு சீட்டுக்கும் மூலம் முதலில், மொழிபெயர்ப்பு அடுத்து, மாத வரிசையில். பிடிஎஃப் ஆக ஏற்றுவதானால் மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே கோப்பில் இருக்கட்டும். தைத்த தாளைப் பிரித்து ஸ்கேன் செய்யாதீர்கள். இரண்டு தாளிலும் பாதி பாதி விழுந்திருக்கும் முத்திரை உடைந்தால், அந்தக் கட்டின் சான்றே கேள்விக்குள்ளாகும்.

திருப்பி அனுப்பினால் பதற்றத்தில் முழுவதையும் மறுபடி மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டாம். கடிதத்தில் குறை எது என்று பாருங்கள். சான்றுப் பக்கத்தில் தேதியோ தொடர்பு விவரமோ இல்லை என்றால், அந்தப் பக்கத்தை மட்டும் மொழிபெயர்ப்பாளர் திருத்திக் கையெழுத்திட்டால் போதும். நேர்மையானவர் இதற்குத் தனிக் கட்டணம் கேட்க மாட்டார். மூலம் தெளிவில்லை என்றால் பிரச்சினை உங்கள் ஸ்கேனில். அந்தச் சீட்டை அந்த அலுவலகம் ஏற்கவே இல்லை, கையெழுத்தில்லாத பிடிஎஃப் என்கிறார்கள் என்றால், மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டுக் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கிருந்து முத்திரையோடு பிரதி வந்ததும், எண்களில் எதுவும் மாறவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, முத்திரைக் குறிப்பை மட்டும் சேர்த்துப் புதுத் தேதியில் சான்றளித்துத் தரச் சொல்லலாம்.